முன் அகலம்

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் நகரமன்றத்துக்கு, மேல்தளம் திட்டக்குழுமத்துக்கு. ஊரில் யாராவது ஒரு துண்டு நிலத்தை இரண்டாகப் பிரிக்க ஆசைப்பட்டால் இரண்டு தளமும் தலையாட்ட வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் அலுவலகங்களின் பெயரைச் சொல்வதில்லை. கீழே, மேலே என்றுதான் சொல்வார்கள். “உங்க அப்பாவோடது மேலே போயிடுச்சு” என்று ஒரு கோப்பைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லி, வந்தவர் முகம் வெளுத்துப்போன சம்பவம் அங்கே ஒன்றுக்கு மேல் உண்டு.

கீழேயிருந்து பன்னிரண்டு படி ஏறினால் படிக்கட்டு திரும்பும். அங்கிருந்து மேலே இன்னும் பதினொன்று. அந்தத் திருப்பத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். இருபத்து மூன்று வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் மற்றும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

அவளுடைய பதவியின் முழுப்பெயர் ‘நகரமன்றம் மற்றும் திட்டக்குழும ஒருங்கிணைப்பு எழுத்தர்’. மேசைக்கு மேலே பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒரு முறை கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது, கீழே உள்ளவர்கள் தங்கள் பெயரைத் தங்களுக்குரிய நீலத்தில் எழுத வேண்டும் என்று ‘நகரமன்றம்’ என்பதை அழித்தார்கள். அவர்களுக்கு நாம் என்ன இளைத்தவர்களா என்று மேலே உள்ளவர்கள் பச்சையில் எழுதுவதற்காகத் தங்கள் பெயரிலிருந்து வரிக் கடைசி வரை அழித்தார்கள். அதோடு வெள்ளையடிக்கிற ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். பலகையில் ‘மற்றும்’ மட்டும் மிஞ்சியது. முதல் வாரம் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டாவது வாரம், தான் பார்க்கும் வேலைக்கு இதைவிடச் சரியான பெயர் வேறு இல்லை என்று தோன்றிவிட்டது.

அவள் வேலை என்னவென்று சொல்வது எளிது. கீழே எழுதும் கடிதத்தை மேலே கொண்டுபோக வேண்டும், மேலே எழுதும் பதிலைக் கீழே கொண்டுவர வேண்டும், நடுவில் இரண்டையும் ஒன்றுக்கொன்று புரியும்படி செய்ய வேண்டும். மனையைத் தவிர மற்றதெல்லாம் கீழே அடிக்கணக்கு, மேலே மீட்டர். ஒரு தெருவை அளந்தால் கீழே உள்ளவர்கள் சாக்கடையிலிருந்து சாக்கடை வரை அளப்பார்கள், மேலே உள்ளவர்கள் மதிலிலிருந்து மதில் வரை. அதனால் அந்த ஊரில் எந்தத் தெருவும் மாடி ஏறினால் ஐந்தாறு அடி அகலமாகிவிடும், இறங்கினால் சுருங்கிவிடும். சொற்களிலும் அப்படித்தான். கீழே இருப்பவர்கள் மேலே உள்ளவர்களைப் பார்த்து ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதமாட்டார்கள், அது கெஞ்சுவது போல இருக்கிறதாம். மேலே உள்ளவர்கள் ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதமாட்டார்கள், அது பதில் சொல்லக் கடமைப்பட்டது போல இருக்கிறதாம். இரண்டு பேருக்கும் வலிக்காத சொல்லை அவள் தேடிப் போடுவாள். ‘கருதலாம்’ என்ற சொல்லை அவள் அளவுக்கு யாரும் உழைக்க வைத்ததில்லை.

ஒரு கடிதம் மேலே ஏற ஒன்பது நாள் ஆகும். பதில் இறங்கப் பதினான்கு நாள். அவள் கணவர் பஸ் கண்டக்டர். எதையும் ஏறுவது இறங்குவது என்ற கண்ணோடுதான் பார்ப்பார். “ஏறுறதுக்கு ஒம்போது, இறங்குறதுக்குப் பதினாலா? எங்க வண்டியில அப்படி இறங்கினா பின்னாடி இருக்கிறவன் தள்ளி விட்ருவான்” என்றார்.

“கௌரவத்தையும் தூக்கிக்கிட்டு இறங்கணும்ல. கனம் ஜாஸ்தி” என்றாள் அவள்.

இதையெல்லாம் வைத்து அவளைப் பெரிய சாமர்த்தியசாலி என்று சொல்லிவிடலாம், ஆனால் அவசரப்பட வேண்டியதில்லை. சண்டையைத் தீர்ப்பதும் சண்டை தெரியாமல் மூடி வைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். அவள் அதிகம் செய்தது இரண்டாவதைத்தான். அதில் ஒன்று பதினோரு வருடத்துக்கு முன்னால் நடந்தது.

மனைகளைக் கண்டபடி நறுக்கி விற்பதைத் தடுக்க இரண்டு தளமும் சேர்ந்து ஒரு கூட்டுச் சுற்றறிக்கை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கீழே இருந்த பொறியாளர், பிரித்த பிறகு கிடைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தெருப்பக்கத்து அகலம் இருபது அடி இருக்க வேண்டும் என்றார். மேலே இருந்த துணை இயக்குநர் அம்மாள், பிரிப்பதற்கு முன்னால் முழு மனை இருபது அடி அகலம் இருந்தால் போதும் என்றார். ஏழு வரைவு எழுதியாயிற்று. ஏழும் திரும்பி வந்தது. எட்டாவதாக அவள் இப்படி எழுதினாள்: ‘உட்பிரிவு செய்யப்படும் மனையின் முன் அகலம் இருபது அடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.’

பொறியாளர் படித்தார். முன் அகலம் என்றால் முன்பக்கத்து அகலம். கையெழுத்துப் போட்டார். துணை இயக்குநர் படித்தார். முன் அகலம் என்றால் முன்பு இருந்த அகலம். அவரும் போட்டார். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே தாளில் ஒரே வாக்கியத்துக்குக் கீழே ஒப்பமிட்டார்கள் என்று அலுவலகம் முழுக்க அதிசயப்பட்டது. அவர்கள் ஒப்பமிட்டது இரண்டு வெவ்வேறு வாக்கியங்களுக்கு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடிப்பாவி, ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேரை ஏத்திட்டியே.”

“செக்கிங் வந்தா?”

“வராது. வந்தா அப்ப பாத்துக்கலாம்.”

பதினோரு வருடம் வரவில்லை. வந்த மனைகள் ஒன்று நாற்பது அடிக்கு மேல் அகலமாக இருந்தன, இரண்டு தளமும் சரி என்றது. இல்லை, இருபதுக்குள் இருந்தன, இரண்டு தளமும் கூடாது என்றது. நடுவில் ஒன்று வரும்வரை ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நடுவில் வந்தது ஒரு தையல்காரி. ஒரு நாள் காலையில் மேலேயிருந்து இறங்கி வந்தவள், திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கையில் கோப்பு, கழுத்தில் அளவு நாடா. கடையிலிருந்து நேராக வந்தவள் அதைக் கழற்ற மறந்திருக்க வேண்டும். ஒரு படி இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

“யாரைப் பாக்கணும்மா?” என்றாள் மற்றும் அக்கா.

“அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்? கீழ ஆகாதுன்னாங்க. மேல தாராளமா ஆகும்னாங்க. இப்ப நான் எந்தப் படியில நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

அக்கா நாற்காலியை நகர்த்தி ஜன்னல் திட்டைக் காட்டினாள். தையல்காரி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அப்பா விட்டுப்போன மனை. அகலம் முப்பத்தெட்டு அடி. அவளுக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி. வலது பக்கத்தில் பழைய வீடு. முன்னறையில் அவள் தையல் மிஷின், பின்னால் அவளும் அவள் மகளும். இடது பக்கம் காலி. வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தன் பாதியை விற்கப்போகிறார். பிரித்துக் கொடுக்க முடிந்தால் காலி இடத்தை மட்டும் விற்பார். முடியாது என்றால் வீட்டோடு சேர்த்து முழு மனையையும் விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முழுசாக வாங்கவும் ஓர் ஆள் தயாராக இருக்கிறார். மூன்று மாதம் பொறுக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

“அவரு கெட்டவரு இல்லக்கா. பொறுமை இல்லாதவரு, அவ்வளவுதான். வீடு போனா எனக்கு வேற வீடு கிடைக்கும். ஆனா இருபது வருஷமா அந்த வாசல்ல வந்து நின்னுதான் இந்தத் தெருவே அளவு கொடுத்திருக்கு. நான் இன்னொரு தெருவுக்குப் போனா அங்க ஏற்கெனவே ஒருத்தி இருப்பா.”

மற்றும் அக்கா கோப்பைத் திறந்தாள். கீழே பொறியாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘ஒவ்வொரு துண்டும் பத்தொன்பது அடி. முன் அகலம் ஓர் அடி குறைவு. நிராகரிக்கலாம்.’ அடுத்த பக்கத்தில் துணை இயக்குநர் பச்சை மையில்: ‘முழு மனை முப்பத்தெட்டு அடி. முன் அகலம் போதுமானது. அனுமதிக்கலாம்.’ இரண்டு பக்கத்திலும் அந்த ‘முன்’னுக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

“எழுதிக் கேக்கிறேன். கொஞ்சம் நாள் ஆகும்” என்றாள். அந்த நேரத்தில் அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். உண்மையில் சொல்லியிருக்க வேண்டியது அதைவிட அதிகம்.

கீழேயிருந்து ஒரு கடிதம் ஏறியது. ‘முன் அகலம் என்பது முன் அகலத்தையே குறிக்கும் என்பதை உறுதிப்படுத்தக் கருதலாம்.’ இருபத்து மூன்று நாள் கழித்து மேலேயிருந்து பதில் இறங்கி வந்தது. ‘முன் அகலம் என்பது முன் அகலத்தையே குறிக்கும் என்பதில் இக்குழுமத்துக்கு மாறுபட்ட கருத்து இல்லை. எனவே விண்ணப்பத்தை ஏற்கலாம்.’ பொறியாளர் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். “அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல? அப்ப எப்படி ஏத்துக்கிறது?” மறுபடி ஒரு கடிதம் ஏறியது. மறுபடி ஒன்று இறங்கியது. இரண்டு தளமும் ஒவ்வொரு கடிதத்திலும் முழுசாக ஒத்துப்போயின. ஒத்துப்போகப் போக நாட்கள் கழிந்தன.

தையல்காரி வாரம் தவறாமல் வந்தாள். முதலில் கீழே போவாள், பிறகு மேலே போவாள், கடைசியில் ஜன்னல் திட்டில் வந்து உட்காருவாள். உட்கார்ந்தால் சும்மா இருக்கமாட்டாள். ஏறி இறங்குகிறவர்களையெல்லாம் கண்ணால் அளப்பாள். “உங்க பொறியாளருக்குச் சட்டை தைச்சவன் தோளை விட்டுட்டு வயித்தை மட்டும் அளந்திருக்கான்.” “மேல இருக்கிற அம்மா நல்லா நிமிர்ந்து நடக்கிறாங்க, அவங்களுக்குத் தைக்கிறது சுலபம்.” அக்காவுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஏதோ உறுத்தும்.

பதினோராவது வாரம் தையல்காரி சிரிக்க வைக்கவில்லை. கடிதங்களை வாங்கி ஒன்றொன்றாகப் படித்தாள். அவள் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் எங்கே தையல் கோணியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவள்.

“இது எல்லாத்துக்கும் காரணம் இந்த ஒரு வார்த்தை. முன், முன், முன். இதை எவன்க்கா தைச்சான்? ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சுத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. யாரு போட்டாலும் ஒரு கை வெளிய வராது.”

மற்றும் அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான்.

“எவன் இல்ல” என்றாள். “நான்தான்.”

“நீங்களா?”

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமேன்னு போட்டேன். வேணும்னேதான் போட்டேன்.”

தையல்காரி திட்டப்போகிறாள் என்று அக்கா எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். தையல்காரியோ கோப்பை மூடி மேசையில் வைத்தாள்.

“சரி. தப்பாத் தைச்சா நான் துணியைக் குத்தம் சொல்லமாட்டேன். பிரிச்சு மறுபடி தைப்பேன். நீங்களும் பிரிங்க.”

“பிரிச்சா எனக்கு மெமோ வரும்.”

“பிரிக்கலைன்னா எனக்கு வீடு போகும்” என்றாள் தையல்காரி. கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்கிற மாதிரிச் சொன்னாள். அண்ணன் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அன்று மாலை அக்கா கணவரிடம் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“செக்கிங் வந்துட்டாரு போல.”

“வந்துட்டாரு. கழுத்துல நாடாவோட.”

“ரிட்டயர் ஆக ஆறு வருஷம் இருக்கு. வாயை மூடிக்கிட்டா யாருக்கும் தெரியாது.”

“தெரியாது.”

“அப்புறம் என்ன?”

“நீங்க சில்லறை இல்லைன்னு ஏமாத்தினது உண்டா?”

“ஒரு தடவை” என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. “அந்த ஆள் இறங்கிப் போனதும் ரெண்டு ஸ்டாப் வரைக்கும் மனசே சரியில்ல.”

“எனக்குப் பதினோரு வருஷம்.”

அவர் டீயை அவள் பக்கம் தள்ளினார்.

மறுநாள் அவள் ஒரு கூட்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தாள். கேட்க எளிது. ஆனால் பொறியாளர் மேலே போக மாட்டார், துணை இயக்குநர் கீழே இறங்க மாட்டார். போனால் அது சந்திப்பு இல்லையாம், சரணடைவதாம். அதனால் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னாள்: “படிக்கட்டுத் திருப்பத்துல வைக்கலாம். அது யாரோட இடமும் இல்ல.” பொறியாளர் இரண்டு படி கீழே நின்றுகொண்டார். துணை இயக்குநர் இரண்டு படி மேலே நின்றுகொண்டார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அது காலியாகவே இருந்தது. தையல்காரி ஜன்னல் திட்டில்.

“சுற்றறிக்கையில தெளிவா இருக்கே” என்று ஆரம்பித்தார் பொறியாளர். “முன் அகலம்.”

“அதையேதான் நானும் சொல்றேன்” என்றார் துணை இயக்குநர். “முன் அகலம்.”

“சார், மேடம்” என்றாள் மற்றும் அக்கா. “அந்த வார்த்தையை நான் எழுதினேன். உங்களுக்கு முன்பக்கம்னு தெரியணும், அவங்களுக்கு முன்னாடி இருந்ததுன்னு தெரியணும்னுதான் எழுதினேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளும் ஒத்துப்போகலை.”

படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

முதலில் சிரித்தவர் துணை இயக்குநர். சிரித்துவிட்டுத் தான் சிரித்தது தெரிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். “அப்ப பதினோரு வருஷமா இவர் தப்பான அர்த்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“யாரு தப்பு? நீங்கதான்...” பொறியாளர் ஒரு படி ஏறினார். பிறகு கவனித்து இறங்கிக்கொண்டார். அக்காவைப் பார்த்து, “நீங்க செஞ்சது சாதாரண விஷயம் இல்ல, தெரியும்ல?” என்றார்.

“தெரியும் சார். மெமோ கொடுங்க, வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ஏன் உங்களுக்கு முன்பக்கம்தான் வேணும்?”

பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் என்ன வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள், ஏன் என்று கேட்டதில்லை. பொறியாளர் பதிலைத் தயாராக வைத்திருக்கவில்லை. ஆனால் பதில் இருந்தது.

“முன்னாடி இருந்த அகலத்தை மட்டும் பாத்தா, நாளைக்கு ஒருத்தன் நாப்பது அடியை அஞ்சா நறுக்குவான். எட்டடி வீடு. அஞ்சு வீட்டுச் சாக்கடையும் ஒரே குழாய்ல வந்து விழும். அடைச்சா என்னைத்தான் கூப்பிடுவாங்க. தீப்பிடிச்சா வண்டி எங்க நிக்கும்?”

துணை இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். “நறுக்கக் கூடாதுதான். ஆனா ஒரு அடி குறையுதுன்னு ஒரு பொம்பளை இருக்கிற வீட்டை விட்டுட்டுப் போகணுமா? அதுக்குத்தான் நான் அப்படிப் படிச்சேன்.”

இரண்டு பேரும் சொன்னது சரி. அதில்தான் சங்கடம். ஒருவர் தப்பாக இருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

மற்றும் அக்கா மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். முந்தின நாள் வீட்டில் எழுதியது. அதில் ஒரே வரி இருந்தது: ‘முன் அகலம், முன் அகலத்தில் பாதிக்குக் குறையக் கூடாது.’

பொறியாளர் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். “ரெண்டு முன் இருக்கே.”

“முதல் முன் உங்களுது சார். புதுத் துண்டோட தெருப்பக்கம். ரெண்டாவது மேடமோடது. பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த அகலம். தெருப்பக்கத்துல பாதிக்குக் குறையக் கூடாதுன்னா ரெண்டு துண்டுக்கு மேல நறுக்கவே முடியாது.”

துணை இயக்குநர் இரண்டு படி இறங்கி வந்து, சீட்டை எட்டிப் பார்த்தார். அவர் இறங்கியதை அவரே கவனிக்கவில்லை. “ரெண்டா நறுக்கினதை வாங்கினவன் மறுபடி ரெண்டா நறுக்கினா?”

“அதுக்குத்தான் பழைய வரி அப்படியே இருக்கும். பிரிக்கப்போற மனை இத்தனை அடிக்குக் குறையக் கூடாதுன்னு. இருபதுக்குப் பதிலா ஒரு எண் சொல்லுங்க.”

“முப்பத்தஞ்சு” என்றார் பொறியாளர்.

“முப்பத்தாறு” என்றார் துணை இயக்குநர்.

“ஏன் மேடம், அந்த ஒரு அடி எதுக்கு?”

“நானும் ஒண்ணு சொல்லணும்ல.”

முப்பத்தாறு என்று எழுதினாள். தையல்காரியின் மனை முப்பத்தெட்டு. அவள் ஜன்னல் திட்டிலிருந்து வாய்க்குள் கணக்குப் போட்டாள், பிறகு நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டாள்.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. மற்றும் அக்கா சொன்னாள்: “இந்தத் தடவை முன்னுங்கிற வார்த்தையையே எடுத்துடறேன். தெருப்பக்கம்னும் பிரிப்பதற்கு முந்தையதுன்னும் விரிச்சே எழுதிடறேன்.”

“எடுக்க வேண்டாம்” என்றார் பொறியாளர்.

“இருக்கட்டும்” என்றார் துணை இயக்குநர்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கருத்தை ஒரே நேரத்தில் சொன்னது அப்போதுதான். அவரவர் ‘முன்’ அவரவருக்கு வேண்டும். சொல்லை எடுத்துவிட்டால் தான் பதினோரு வருடம் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமாம். அக்கா இத்தனை வருடம் எல்லோருக்கும் இதமான சொல்லைத் தேடியவள். இப்போது ஒருவருக்கும் இதமில்லாத விளக்கத்துக்காக நின்றாள். “விளக்கம் இல்லாம இதை நான் தட்டச்சு பண்ணமாட்டேன்” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பிடிவாதம் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் இரண்டு ‘முன்’னும் இருந்தன. கீழே சின்ன எழுத்தில் இரண்டு அடிக்குறிப்பு: முதல் முன் என்பது தெருப்பக்கம், இரண்டாம் முன் என்பது பிரிப்பதற்கு முந்தையது. பொறியாளர் முதல் குறிப்பின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார், துணை இயக்குநர் இரண்டாவதின் ஓரத்தில். பிறகு தாள் கைமாறியது, ஒவ்வொருவரும் மற்றவர் குறிப்பிலும் போட்டார்கள். அது அவள் சொல்லித்தான் நடந்தது. தட்டச்சு, கையெழுத்து, முத்திரை, தையல்காரியின் கோப்பில் ஒப்புதல், எல்லாம் அந்த மேசையிலேயே ஆயிற்று. கோப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதனால் இருபத்து மூன்று நாள் ஆகவில்லை, ஒரு மத்தியானம்தான் ஆனது.

மெமோவும் வந்தது. பொறியாளர் அவள் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் அவளிடம் விளக்கம் கேட்கும் அதிகாரம் மேலே இருக்கிறது என்று கீழே எழுதினார்கள். கீழேதான் இருக்கிறது என்று மேலே பதில் தயாராகிக்கொண்டிருந்தது. எப்படியும் அது அவள் மேசை வழியாகத்தான் போக வேண்டும். தன் மேல் வந்த மெமோவுக்குத் தானே எண் போட்டு, வந்த அன்றைக்கே மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்பது நாள் ஆகும் ஒரு வேலையை ஒரே நாளில் செய்தது அவளுக்குச் சௌகரியமானதற்காக இல்லை. தாமதம்தான் தனக்குச் சௌகரியம் என்பதற்காகத்தான். அதில் ஒரு குறும்பும் இருந்தது. மேலே வாங்கிக்கொண்ட துணை இயக்குநர், “இவ்வளவு சீக்கிரமாவா ஏறும்?” என்று கேட்டு, பதில் இறங்கும் வரை அதன் மேல் வைக்க ஒரு பேப்பர்வெயிட்டைத் தேடினார்.

கல் நடுகிற அன்று அண்ணன் வந்திருந்தார். உயரமான, அவசரக்கார மனிதர். நிற்கும்போதே கிளம்பிவிடுகிறவர் போல நிற்பார். நகரமன்றத்து அளவையாளர் இரும்பு நாடாவை விரித்தார். மற்றும் அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தெரு ஓரத்தில் நின்றாள்.

“முப்பத்தேழு அடி பத்து அங்குலம்” என்றார் அளவையாளர்.

அண்ணன் முகம் சுருங்கியது. “பத்திரத்துல முப்பத்தெட்டுன்னு இருக்கே. ரெண்டு அங்குலம் குறைஞ்சா மறுபடி முதல்லேருந்தா?”

“வேண்டாம்” என்றார் அளவையாளர். “இப்ப பாதின்னுதானே போட்டிருக்கு. எவ்வளவா இருந்தாலும் பாதி பாதிதான்.” சொல்லிவிட்டுப் பதினெட்டு அடி பதினோரு அங்குலத்தில் ஒரு கல்லை வைத்து, மண்ணைத் தட்டினார்.

அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார். “முடிஞ்சதும்மா. கிளம்பட்டுமா?”

தையல்காரி கழுத்திலிருந்து தன் நாடாவை எடுத்தாள். மதிலோரத்தில் குனிந்து, நாடாவின் நீளம் முடியும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, அங்கிருந்து மறுபடி தொடங்கி, கல் வரைக்கும் நகர்ந்தே போனாள். கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

“கல்லு ஒரு அங்குலம் என் பக்கம் தள்ளி வந்திருக்கு.”

“இரும்பு நாடாம்மா இது” என்றார் அளவையாளர், மனம் புண்பட்டு.

“நாடா சரிதான். கல்லு தடிமன் ரெண்டு அங்குலம். கோடு கல்லுக்கு நடுவுல வரணும். நீங்க ஓரத்தை வச்சுட்டீங்க.”

அளவையாளர் குனிந்து பார்த்தார். எழுந்து கல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

“விடும்மா” என்றார் அண்ணன். “ஒரு அங்குலத்துக்காகவா இவ்வளவு?”

“ஒரு அடிக்காக என்னைப் பன்னிரண்டு வாரம் அலைய விட்டாங்கண்ணே” என்றாள் தையல்காரி. “கணக்குப்படி ஒரு அங்குலத்துக்கு ஒரு வாரமாவது நான் நிக்கணும். பத்து நிமிஷத்துல முடிச்சுக்கிறேன்.”